பூப்போட்ட துணியில் ஓவியப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் ஞாயிறு காலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். பூவோ புள்ளியோ கட்டமோ ஏற்கெனவே போட்டிருக்கும் துணியை எடுத்து, அதன்மேல் வரைந்து பழகுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள், தையல் தெரிந்த அக்காமார் என்று எல்லாரும் வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பதும் வாட்ஸப்பில் வந்து விழுவதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஃபேப்ரிக் பெயின்டிங் என்கிறார்களே, அதுதானா இது?

அது வேறு. ஒற்றை நிறச் சேலையை எடுத்து முந்தானையில் மயில் வரைவது துணியை அழகுபடுத்தும் வேலை. இங்கே துணியில் டிசைன் முன்பே இருக்கிறது. எந்த இடத்தை மறைப்பது, எதை அப்படியே விடுவது, எங்கே அதோடு சேர்ந்து போவது என்று விரற்கடைக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவுகள்தான் பயிற்சி. கடைசியில் கையில் இருப்பதை உடுத்த முடியாது. எல்லாவற்றையும் சட்டம் போட்டு மாட்டவும் தோன்றாது. ஆனால் பத்துத் துண்டு முடித்தவர் அடுத்த முறை ஜவுளிக்கடைக்குப் போகும்போது துணியைப் பார்க்கிற விதமே மாறியிருக்கும்.

வெள்ளைக் கேன்வாஸ் சுலபமாகக் கிடைக்கிறது. எதற்கு இந்தச் சுற்றுவழி?

முதல் காரணம் பயம். வெள்ளைப் பரப்பைப் பார்த்தவுடன் கை நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர். முதல் கோடு தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கம் அது. பூப்போட்ட துணியில் முதல் கோட்டை யாரோ போட்டுவிட்டார்கள். நீங்கள் இரண்டாவதாகப் பேசினால் போதும்.

நம் வீடுகளில் இது புதிதும் இல்லை. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர் வெறுந்தரையில் வரையவில்லை. பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி எட்டு என்று வைத்து முடித்தவுடனே தரையில் ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. இழை எங்கே வளையலாம், எங்கே வளைய முடியாது என்பதைப் புள்ளி சொல்கிறது. அந்தக் கட்டுக்குள்ளேயே ஒரே புள்ளிக் கணக்கில் நான்கு தெருவில் நான்கு கோலம் வருகிறது. பூப்போட்ட துணியும் புள்ளி வைத்த வாசல்தான்.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நாம் வரையும்போது உருவத்தை மட்டும் பார்க்கிறோம். உருவத்தைச் சுற்றி இருக்கும் வெற்றிடத்தைப் பார்ப்பதில்லை. வெள்ளைத் தாளில் அந்த வெற்றிடம் கண்ணில் படவே படாது. துணியிலோ அந்த இடம் முழுக்கப் பூவும் கொடியுமாக நிறைந்திருக்கிறது. ஒரு காக்கையை வரைந்தால் காக்கையின் காலிடுக்கில் பாதிப் பூ மாட்டிக்கொண்டு நிற்கும். அதை என்ன செய்வது என்று யோசித்துத்தான் ஆக வேண்டும். ஓவியக் கல்லூரியில் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை அந்தப் பாதிப் பூ ஒரே காலையில் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

எந்தத் துணி நல்லது? மதுரையில் எங்கே வாங்குவது?

பருத்தி. அதிலும் பாப்ளின், கேம்பிரிக் மாதிரி நெருக்கமாக நெய்த, வழுவழுப்பு இல்லாத துணி. பாலியெஸ்டரில் பெயிண்ட் மேலாக உட்கார்ந்து பிறகு உரியும். ‘வாயில்’ (voile) என்கிற மெல்லிய துணியில் பெயிண்ட் மறுபக்கம் இறங்கிவிடும். ரேயான் நனைந்தால் தொய்ந்துபோகும்.

புதுத் துணி வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. பழைய தலையணை உறை, கரை கிழிந்த பெட்ஷீட், நைட்டித் துணி, கட்டம் போட்ட கைலி எல்லாமே ஆகும். பலமுறை துவைத்த துணியில் கஞ்சி போய்ச் சுருங்கி அடங்கியிருக்கும். அது பெரிய லாபம். தெருமுனைத் தையல்காரரிடம் கேட்டால் வெட்டில் மிஞ்சிய பிட்டுத் துணிகளைப் பையோடு கொடுப்பார். அதில் அரையடிக்கு அரையடி அளவில் துண்டுகள் தேறும். ஆரம்பத்துக்கு அதுவே போதும்.

வாங்குவதென்றால் விளக்குத்தூண் பக்கமும் மாசி வீதிகளிலும் கட்பீஸ் கடைகள் இருக்கின்றன. அரை மீட்டர் கேட்டால் சில கடைகளில் முகம் சுளிப்பார்கள். மீட்டர் கணக்கில் வாங்கி நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா நெருங்கும்போது அழகர் வேடம் கட்டுகிறவர்களுக்கு உடை தைக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். நெடுங்காலம் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்துக்குள் தையல் மெஷின்களோடு இருந்தவர்கள், பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறினார்கள். அந்த உடைகளுக்கான பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணிகளின் வெட்டுத் துண்டுகள் கிடைத்தால் விடாதீர்கள். நிறத்தை எதிர்த்து நின்று வரைந்து பழக அதைவிட நல்ல துணி எனக்குத் தெரியாது.

டிசைன் எப்படி இருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். முதல் துண்டுக்கு இரண்டே நிறம் உள்ள, உள்ளங்கை அளவுக்குப் பெரிய பூவோ மாங்காயோ எடுங்கள். பொடிப்பூ பிறகு.

சுங்குடியில் வரையலாமா?

மதுரையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுங்குடி மதுரையின் சொந்தத் துணி. புவிசார் குறியீடு பெற்றது. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிக் குடியேறி நெசவும் சாயமும் தொழிலாகக் கொண்ட சௌராஷ்டிர மக்கள் வளர்த்த கலை. துணியை விரல் நுனியில் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு முடிச்சை உருவினால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அப்படிக் கையால் கட்டிய சேலையை உற்றுப் பாருங்கள். எந்தப் புள்ளியும் பக்கத்துப் புள்ளி மாதிரி இருக்காது. ஓரம் லேசாகக் கசிந்திருக்கும். புதுத் துணியில் முடிச்சு இருந்த இடம் சின்னக் குமிழாக எழும்பி விரலில் தட்டுப்படும். அந்த மாதிரிச் சேலையில் நாம் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அது முடிந்த ஒரு கலைப்பொருள். அதன்மேல் நம் பயிற்சியைச் செய்வது முறை இல்லை.

ஆனால் சுங்குடி என்று இன்று கடையில் பெரும்பாலும் கிடைப்பது மெழுகு அச்சு வைத்துச் சாயம் தோய்த்ததோ, நேரடியாக அச்சடித்ததோதான். விலையும் குறைவு. அதில் தாராளமாகப் பயிற்சி செய்யலாம். இரண்டு சோதனை மட்டும் முதலில். ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால், கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, தண்ணீர் தெளியும் வரை இரண்டு மூன்று தடவை துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் வைக்கும் வெள்ளை மறுநாள் இளஞ்சிவப்பாகி நிற்கும். அடுத்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரி. உருண்டு நின்றால் மெழுகு மிச்சம் இருக்கிறது, வெந்நீரில் அலசுங்கள். மெழுகின்மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது.

புள்ளிகளைத் தொடாமல் புள்ளிகளுக்கு நடுவிலேயே வரைந்து ஒரு துண்டை முடிக்கச் சொல்வது எங்கள் வகுப்பின் வழக்கம். தூரிகையின் நுனி புள்ளியின் விளிம்புக்கு ஒரு நூலிழை முன்னால் நிற்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிறார்கள். அரை மணி நேரம் ஆனதும் கொட்டகையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

துணியை எப்படித் தயார் செய்வது?

துவைத்து, கஞ்சி போக அலசி, காயவைத்துத் தேய்க்க வேண்டும். சாஃப்ட்னர் சேர்க்காதீர்கள்; அது பெயிண்டைப் பிடிக்கவிடாது.

பிறகு இழுத்துக் கட்ட வேண்டும். சின்னத் துண்டுக்கு எம்பிராய்டரி வளையமே போதும். பெரிதென்றால் தச்சரிடம் ரீப்பர் கட்டையில் ஒரு சட்டம் அடித்து வாங்கி, நான்கு பக்கமும் நடுவில் முதலில் ஆணி வைத்து, அங்கிருந்து மூலை நோக்கி வாருங்கள். கட்டம் போட்ட துணியில் இதில்தான் தப்பு நடக்கும். ஒரு பக்கம் கூடுதலாக இழுத்தால் கட்டங்கள் வில் மாதிரி வளைந்துவிடும். வரையும்போது தெரியாது, சுவரில் மாட்டியதும் முதலில் அதுதான் தெரியும். பாவு நூலும் ஊடை நூலும் சட்டத்தின் விளிம்புக்கு நேராகப் போகின்றனவா என்று பார்த்து ஆணி அடியுங்கள்.

கேன்வாஸுக்கு அடிப்பூச்சாக அடிக்கும் வெள்ளை ஜெஸ்ஸோவை அடித்தால் டிசைன் போய்விடும் என்பதால் நிறமில்லாத அக்ரிலிக் மீடியத்தை மெல்லியதாக ஒரு கோட் பூசுகிறோம். கிடைக்காவிட்டால் வெள்ளைப் பசை ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசலாம். பயிற்சித் துண்டுக்கு அது போதும். பூசிக் காய்ந்த துணி லேசாக விறைத்து, தட்டினால் டொப்பென்று சத்தம் கொடுக்கும். உடுத்துகிற துணியில் வரைவதானால் இந்தப் பூச்சு வேண்டாம்.

எந்தப் பெயிண்ட்?

ஃபெவிக்ரில், கேமல் போன்ற கம்பெனிகளின் அக்ரிலிக் துணிப் பெயிண்ட் எல்லா ஸ்டேஷனரிக் கடையிலும் இருக்கிறது. வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஐந்து டப்பா போதும். வெள்ளை மட்டும் பெரிய டப்பாவாக வாங்குங்கள். அடர்ந்த துணியில் அதுதான் வேகமாகத் தீரும்.

எந்த நிறம் மறைக்கும், எந்த நிறம் ஊடே காட்டும் என்பதைத் தெரிந்துகொள்ளத் துணியின் ஓரத்தில் ஒவ்வொன்றையும் ஒரு பட்டை இழுத்துப் பாருங்கள். டைட்டானியம் வெள்ளை மறைக்கும். அல்ட்ராமரீன் நீலம் கண்ணாடி மாதிரி, அடியில் உள்ள பூ நீலத்துக்குள்ளே தெரியும். அதே நீலத்தில் துளி வெள்ளை கலந்தால் பூ மறைந்துவிடும். டிசைனை முழுதும் அழிக்காமல், தண்ணீருக்குள் கிடப்பதுபோலக் காட்ட வேண்டும் என்றால் மறைக்காத நிறங்களை மெல்லிய கோட்களாகப் பூசுங்கள். அந்த ஒரு வித்தை கைவந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

ஆயில் பெயிண்ட் கூடாதா?

துணியில் நேராகப் பூசக் கூடாது. அதிலுள்ள ஆளி விதை எண்ணெய் நூலுக்குள் இறங்கிக் காற்றோடு சேர்ந்து இறுகும்போது, ஆண்டுகள் போகப் போகத் துணி மொரமொரப்பாகி உடையும். வண்ணத்தைச் சுற்றி எண்ணெய்க் கறையும் பரவும். மேலே சொன்ன மீடியத்தை இரண்டு மூன்று கோட் பூசித் துணியை நன்றாக அடைத்த பிறகு செய்யலாம். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

எனக்கு வரையவே தெரியாது. எங்கே தொடங்குவது?

வரையாமல் தொடங்குங்கள். சட்டத்தில் கட்டிய துணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். போனைத் தள்ளி வையுங்கள். பிறகு துணியைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், தலைகீழாகப் பாருங்கள். சின்ன வயதில் ஓட்டுக்கூரையின் ஈரக்கறையில் யானையும் கிழவியும் பார்த்தோமே, அதே கண்தான்.

முதல் பயிற்சியில் சேர்ப்பது எதுவும் இல்லை, மூடுவது மட்டும்தான். ஒரே ஒரு நிறத்தைக் குழைத்துக்கொண்டு, வேண்டாத பூக்களை எல்லாம் அந்த நிறத்தால் மூடுங்கள். எதை விட்டுவைக்கிறீர்களோ அதுதான் படம். ஒரு கல்லூரி மாணவி அரக்கு நிறத்தில் வெள்ளை மாங்காய் போட்ட துணி கொண்டுவந்தார். ஒரே மாதிரி அறுபது எழுபது மாங்காய் இருக்கும். முதலில் நடுவில் ஒரு கிளி வரைய ஆசைப்பட்டார். மூடுவது மட்டும்தான் என்றதும் முகம் வாடிவிட்டது. அப்புறம் துணியின் அரக்கு நிறத்தையே குழைத்துக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு மாங்காயாக மூடிக்கொண்டே வந்தார். மேல் பாதியில் மூன்றே மூன்று மாங்காயை விட்டார், கீழே நெருக்கமாகக் குவியல் குவியலாக விட்டார். பார்த்தால் ஒரு மரம் உலுக்கப்பட்டு, கடைசி மூன்று காய் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. ஒரு கோடுகூட அவர் வரையவில்லை. குழைத்த அரக்கு துணியின் அரக்கைவிட ஒரு பிடி கறுத்திருந்ததால், மூடிய மாங்காய்கள் நிழலாகத் தெரிந்தன. அதைச் சரிசெய்யப் போனவரை எல்லாரும் சேர்ந்து தடுத்துவிட்டோம்.

இரண்டாவது பயிற்சி, துணியையே உடையாக்குவது. ஒரு ஆளின் முகம், கை, கால், பின்னணி மட்டும் வரைந்துவிட்டு, சேலையோ சட்டையோ இருக்கும் இடத்தைத் தொடாமல் விடுங்கள். துணியின் டிசைன் அவருடைய உடை ஆகிவிடும். மடிப்பு வர வேண்டிய இடத்தில் மட்டும் மெல்லிய சாம்பல் நிழல் ஒன்று. கோயில் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு வந்து இதைச் செய்தால் நன்றாக வருகிறது. அழகர்கோவில் வசந்த மண்டபத்தில் நாயக்கர் காலத்து இராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. அந்த உருவங்களின் உடையில் ஓடும் டிசைன்களை நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். தொடக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது.

மூன்றாவது கொஞ்சம் கடினம். டிசைன் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கை ஒரே ஒரு இடத்தில் உடையுங்கள். நூறு பூவில் ஒரு பூ வாடியிருக்கட்டும். கட்டத்தில் ஒரு கட்டத்தின் கோடு பிசகட்டும். எந்த இடம் என்று தேர்ந்தெடுப்பதற்கே ஒரு காலைப்பொழுது போய்விடும்.

துணி ரொம்பவும் அடிக்கிற டிசைனாக இருக்கிறது. நான் வரைந்தது தெரியவே இல்லை.

இந்தக் குறையைச் சொல்லாதவர்கள் இல்லை. அதற்காக இன்னும் பெரிதாக, இன்னும் பளிச்சென்று வரைவதுதான் எல்லாரும் செய்வது; அப்போது இரண்டும் சேர்ந்து சந்தைக் கூச்சல் ஆகிவிடும். பொடிப்பூத் துணி என்றால் நீங்கள் தட்டையான பெரிய பரப்பாக வரையுங்கள். துணியில் வளைவுகள் அதிகம் என்றால் நேர்க்கோடு போடுங்கள். கண் ஓய்வெடுக்க டிசைன் இல்லாத ஓர் இடமாவது வேண்டும். ஒரு சுவர், ஒரு வானம், ஒரு முதுகு.

டிசைனோடு சமாதானமாக இருப்பது எப்படி என்று தெரிய ஹென்றி மத்தீஸ் 1908இல் வரைந்த ‘சிவப்பில் இசைவு’ படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். மேசை விரிப்பும் சுவரும் ஒரே சிவப்பு, ஒரே நீலக் கொடி. மேசை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஒரு மெல்லிய கோடுதான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெண்ணும் பழங்களும் தொலைந்துபோகவில்லை. மத்தீஸ் பூப்போட்ட துணியின்மேல் வரையவில்லை, துணியின் பூவை வரைந்தார். பிரான்சின் வடக்கே நெசவு ஊரில், நெசவுக் குடும்பத்து வழியில் வளர்ந்தவர். மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த என் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சி எனக்குப் பிடிக்கும்.

பெரிய ஓவியர்கள் யாராவது அச்சுத் துணியின்மேலேயே வரைந்திருக்கிறார்களா?

வரைந்திருக்கிறார்கள். ஜெர்மானியரான சிக்மார் போல்கே (1941–2010), 1960களிலிருந்தே கேன்வாஸுக்குப் பதிலாகக் கடையில் விற்கும் மலிவான அச்சுத் துணிகளை, போர்வை மாதிரியானவற்றைக்கூடத் தைத்து இணைத்துச் சட்டத்தில் கட்டி வரைந்தார். துணியின் டிசைன் அவருடைய கோடுகளுக்கு ஊடே நுழைந்து வெளியே வரும். எது அவர் வரைந்தது, எது ஆலையில் அச்சானது என்று சில இடங்களில் நின்று தேட வேண்டியிருக்கும்.

லண்டனில் வாழும் நைஜீரிய வம்சாவளிக் கலைஞர் யின்கா ஷோனிபாரே 1994இல் செய்த ‘டபுள் டச்’சில், கேன்வாஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஆப்பிரிக்கத் துணி என்று நாம் நினைக்கும் மெழுகு அச்சுத் துணிகளைச் சின்னச் சின்னச் சட்டங்களில் கட்டி, மேலே அக்ரிலிக்கில் வரைந்தார். அந்தத் துணியின் கதைதான் விஷயம். ஜாவா மக்கள் மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் செய்தது; மேற்கு ஆப்பிரிக்காவில் விற்பனைக்குப் போய், அங்கேயே ஊன்றி, அந்த மக்களின் அடையாளமாகிவிட்டது. ஒரு துணி எத்தனை கை மாறி வந்தது என்பதும் படத்தின் பொருளில் சேரும் என்பதை அவரிடம் கற்றுக்கொண்டேன். இப்போது வகுப்பில் துணியின் பின்பக்கம், அது எங்கே வாங்கியது, யார் உடுத்தியது என்று பென்சிலால் எழுதிவைக்கச் சொல்கிறேன்.

பெயிண்ட் ஓரங்களில் மயிர் மயிராகப் பரவுகிறதே?

தண்ணீர் அதிகம். நூலின் வழியே ஈரம் ஓடுகிறது. தூரிகையை நனைத்தபின் பழந்துணியில் ஒற்றி எடுத்துவிட்டுப் பெயிண்டைத் தொடுங்கள்.

வெயில் காலத்தில் பெயிண்ட் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது.

சித்திரை வைகாசியில் மதுரையில் அப்படித்தான். காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். டிபன் பாக்ஸ் மூடியில் ஈரத் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் வாழையிலைத் துண்டு வைத்துப் பெயிண்டைக் குழையுங்கள். இலை ஈரத்தை உறிஞ்சாது, அடியில் ஈரம் இருப்பதால் குளிர்ச்சியாகவும் இருக்கும். மின்விசிறிக்கு நேரே உட்காராதீர்கள். தூரிகையை உடனே கழுவாவிட்டால் ஒரே நாளில் குச்சியாகிவிடும். சட்டியில் படிந்த பெயிண்டைச் சாக்கடையில் கொட்டாமல், தண்ணீரைத் தெளியவிட்டு அடி மண்டியைத் தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள். பூந்தொட்டியிலும் ஊற்ற வேண்டாம்.

சின்னப் பிள்ளைகள் செய்யலாமா?

தாராளமாக. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள், ஏனென்றால் டிசைனை மதித்துத் தயங்குவதில்லை. பூவுக்குக் கண் வைத்து, மீசை வைத்து, கால் முளைக்கவைத்துவிடுவார்கள். பழைய சட்டையை மேலே போட்டுவிடுங்கள்; அக்ரிலிக் காய்ந்தால் உடையிலிருந்து போகாது. தூரிகையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தப்பாகிவிட்டால் அழிக்க முடியுமா?

ஈரமாக இருக்கும்போது ஈரத் துணியால் ஒற்றினால் ஓரளவு போகும், கறை நிற்கும். காய்ந்தபின் போகாது. துணியின் நிறத்தைக் குழைத்து மூடி, அதன்மேல் துணியின் பூவை நீங்களே திரும்ப வரைந்து பாருங்கள். அந்தப் பூவை முதல்முறையாக அப்போதுதான் உற்றுப் பார்ப்பீர்கள். எத்தனை இதழ், எந்தப் பக்கம் சாய்வு, அச்சு எங்கே விலகியிருக்கிறது என்று எல்லாம் கைக்குத் தெரியவரும். இதற்காகவே வேண்டுமென்று ஒரு பூவை அழித்துவிட்டு மறுபடி வரையச் சொல்வதும் உண்டு.

துவைக்கலாமா?

துணிப் பெயிண்டாக இருந்து, மீடியமோ பசையோ பூசாமல் இருந்தால் துவைக்கலாம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். டப்பாவில் எத்தனை நிமிடம், எத்தனை நாள் கழித்துத் துவைக்கலாம் என்று போட்டிருக்கும், அதன்படி செய்யுங்கள். கையால் அலசுவதே நல்லது. முறுக்கிப் பிழியாதீர்கள்.

விற்கலாமா?

அச்சு டிசைன் ஒருவர் உழைப்பில் உருவானது. பயிற்சிக்கு எந்தத் துணியும் சரி. விற்பதென்றால் யாரும் சொந்தம் கொண்டாடாத கட்டம், கோடு, புள்ளி போட்ட கைத்தறித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள், நெய்த ஊரின் பெயரையும் படத்தோடு எழுதுங்கள்.

எங்கள் அம்மாச்சியின் பழைய சேலை இருக்கிறது. அதில் வரையலாமா?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். அப்பத்தா இறந்த பிறகு அவருடைய கண்டாங்கிச் சேலை ஒன்று என்னிடம் வந்தது. அரக்கும் கறுப்புமாகக் கட்டம். கொசுவம் வைக்கும் இடம் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையாகத் தெரியும். முழங்கால் படும் இடத்தில் அவரே வேறு நிற நூலில் இழையோட்டியிருந்தார். முதலில் முழுச் சேலையையும் சட்டத்தில் கட்டப் பார்த்தேன். இழுத்தவுடன் தேய்ந்த இடம் பிரியத் தொடங்கியது, அதோடு நிறுத்திவிட்டேன். நல்லவேளை ஒரு விரல் நீளம்தான் கிழிந்தது.

பிறகு முந்தானைப் பக்கம் கெட்டியாக இருந்த இடத்தில் ஒரு முழம் மட்டும் வெட்டி, அடியில் காடாத் துணி வைத்துத் தைத்து, அதைத்தான் சட்டத்தில் கட்டினேன். வரைந்தது அவருடைய இரண்டு கைகளை மட்டும். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி. மடி முழுக்கச் சேலைக் கட்டம். அதை நான் தொடவில்லை. கட்டத்தின் கறுப்புக் கோடு ஒன்று சரியாக மணிக்கட்டுக்குக் கீழே போனது, அங்கே வளையலுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. நகங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று.

அதனால் உங்களுக்கும் சொல்வது: முதலில் முழுச் சேலையையும் விரித்துப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டில் அதில் உரிமை உள்ளவர்கள் எல்லாரையும் கேளுங்கள். சித்தியோ பெரியம்மாவோ வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பட்டாகவோ கையால் கட்டிய சுங்குடியாகவோ இருந்தால் வரைய வேண்டாம், மடிப்பை மட்டும் அவ்வப்போது மாற்றி மடித்து வையுங்கள். சாதாரணப் பருத்திச் சேலை, எல்லாருக்கும் சம்மதம் என்றால் கத்தரிக்கோல் எடுக்காமல் அப்படியே ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். எந்த இடம் தாங்கும் என்று சேர்ந்து பார்த்துவிட்டு வெட்டலாம்.